தூக்கத்தில் பிரேக் போட்டவர்

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டியிருக்கிறது. கூட்டியது எதுவும் கிடையாது. குறைத்ததும் இரண்டே சொற்கள்தான். அவை ஓட்டுநர் வலி தாங்காமல் கத்தியவை, அச்சில் ஏறக் கூடாதவை. மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. நம்பிக்கை வராதவர்கள் ஓட்டுநரையே போய்க் கேட்டுக்கொள்ளலாம். அவர் இதைவிட இரண்டு மடங்கு சொல்வார்.

ஓட்டுநர் என்றால் பேருந்து ஓட்டுநர். சந்தையிலிருந்து துறைமுகம், துறைமுகத்திலிருந்து சந்தை என்று ஒரே தடத்தில் முப்பத்துநான்கு வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தத் தூரத்தையெல்லாம் கூட்டினால் பூமியை முப்பது தடவை சுற்றி வந்ததாகும் என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டார். முப்பது தடவை சுற்றியும் துறைமுகத்தைத் தாண்டி எதையும் பார்க்காத ஒரே ஆள் தாம்தான் என்பதும் அதே கணக்கில் தெரிந்தது. காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டார்.

இத்தனை வருஷத்தில் ஒரு விபத்து கிடையாது. ஒரு சைக்கிளின் மணிக்குக்கூடக் காயம் பட்டதில்லை. அதற்காகப் பணிமனையில் கொடுத்த கேடயம் டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அந்தப் பெருமையை அவர் கண்ணுக்கோ புத்திக்கோ கொடுக்கமாட்டார், வலது காலுக்குத்தான் கொடுப்பார். மூளைக்குச் சேதி போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே அந்தக் கால் பிரேக்கின்மேல் ஏறி நின்றுவிடும். அவருடைய மூளையோடு பழகியவர்கள், அதை முந்துவது ஒரு காலுக்குப் பெரிய காரியம் இல்லை என்பார்கள். அவரும் ஒத்துக்கொள்வார்.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, விடிவதற்கு மூன்று மணி நேரம் இருக்கும்போது, அந்த வலது கால் அவரைக் காட்டிக்கொடுத்தது.

கனவில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மீன் மார்க்கெட் முனையில், தோளில் ஏணியைச் சுமந்த ஒருவன் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் ரோட்டில் இறங்கினான். ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. ஏணிக்காரன் பிழைத்தான். கெண்டைக்கால் மாட்டிக்கொண்டது. சதை சுருண்டு, திரண்டு, முழங்காலுக்குக் கீழே யாரோ கருங்கல்லை வைத்துத் தைத்துவிட்டதுபோல் இறுகிப்போனது. அந்த நேரம் பார்த்து அதில் உட்கார்ந்த கொசு ஒன்று மூக்கு வளைந்துபோய் எழுந்தது என்கிறார். கொசுவை யாரும் விசாரிக்கவில்லை.

ஏதாவது தப்பாகப் போனால் ஓட்டுநருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: பிரேக்கை மிதிப்பது. மிதித்தார். பாதம் விறைத்து நீண்டது, வலி ஏறியது. வலி ஏறியதால் இன்னும் மிதித்தார். கட்டில் 'கிரீச்' என்று முன்னால் நகர்ந்து நின்றது. பக்கத்தில் படுத்திருந்த மனைவியின் தலை சுவரில் இடித்தது. ஓட்டுநர் போட்ட சத்தத்தில் தெருவில் நிறுத்தியிருந்த கார் ஒன்று பயந்துபோய்த் தானும் கத்த ஆரம்பித்தது.

காலையில் அவர் அளவு நாடாவோடு கட்டிலுக்கடியில் குனிந்திருந்தார். தரையில் நான்கு கறுப்புக் கோடுகள்.

"ஆறு அங்குலம்" என்றார். "இந்தப் பாரத்துக்கு மோசமில்ல."

"மோசமில்லையா? என் மண்டை வீங்கியிருக்கு, பாருங்க."

"முன்னாடி கம்பியப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கணும்."

"நான் படுத்திருந்தேன்!"

"டிரைவர் பக்கத்துல படுத்தா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக அன்று முழுக்கத் தாமே பாத்திரம் கழுவினார்.

அடுத்த ராத்திரியும் அந்தக் கெண்டைக்கால் குரக்களி வந்தது. அதற்கடுத்த ராத்திரியும் வந்தது. முப்பத்துநான்கு வருஷத்தில் அவருடைய பேருந்து ஒருநாளும் அவ்வளவு சரியான நேரத்துக்கு வந்ததில்லை. கட்டில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து, இரண்டு வாரத்தில் ஜன்னலுக்கு வந்துவிட்டது. இப்படியே போனால் மாசக் கடைசியில் தெருவுக்கு வந்துவிடும், உரிமம் இல்லாமல் கட்டில் ஓட்டியதாக வழக்கு வரும் என்று ஓட்டுநர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

வைத்தியம் சொல்ல ஆள் பஞ்சமில்லை. முதலில் வந்தவர் கண்டக்டர். இருபத்திரண்டு வருஷம் அதே வண்டியில் சீட்டுக் கிழித்தவர், அவரும் ஓய்வு பெற்று அடுத்த தெருவில் இருக்கிறார். வேலை போனாலும் விசிலை விடாமல் சாவிக்கொத்தில் கோத்து வைத்திருப்பவர்.

"டிரைவரே, கால்மாட்டுல ஒரு சோப்புக் கட்டி வெச்சுக்கிட்டுப் படுங்க. கொரக்களி கிட்ட வராது."

"எதுக்குய்யா சோப்பு?"

"எதுக்குன்னு கேட்டா பலிக்காது."

கேட்காமல் வைத்துக்கொண்டார். நான்கு ராத்திரியும் குரக்களி நல்ல வாசனையோடு வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு யாரோ தண்ணீர் போதவில்லை என்றார்கள். பகலெல்லாம் தண்ணீர் ஞாபகமே வராமல் இருந்துவிட்டு, படுக்கப்போகிற நேரத்தில் ஒன்றரை லிட்டரை ஒரே மூச்சில் குடித்தார். கால் அன்று அவரைக் கட்டிலில் பிடிக்கவில்லை. ஐந்தாவது தடவை கழிப்பறையில் உட்கார்ந்தபோது, கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கிற நேரமாகப் பார்த்துப் பிடித்தது. மேலே சொன்ன அந்த இரண்டு சொற்கள் இந்த இடத்தில்தான் வரவேண்டும்.

மூன்றாம் வாரம் ஒரு ராத்திரி, பிரேக் போட்ட வேகத்தில் மனைவி கட்டிலிலிருந்து உருண்டு கீழே விழுந்தாள். பெரிதாக அடி ஒன்றும் இல்லை. எழுந்து விளக்கைப் போட்டாள். கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் ஓட்டுநருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

"ஏங்க, ஒரு ஆக்சிடென்ட்டும் இல்லன்னு கேடயம் வாங்கின ஆளு நீங்க. இந்த வீட்டுல இருக்கற ஒரே பயணி நான். என்னயவே கீழ தள்ளிட்டீங்க."

ஓட்டுநர் கீழே கிடந்த அவளுடைய தலையணையை எடுத்துத் தட்டி வைத்தார்.

"நான் தூங்கி இருவது நாளாச்சு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். சரியாகலன்னா அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்குத் தூங்கணும், அவ்வளவுதான்."

கோபம் என்றால் சமாதானம் செய்யலாம். தூக்கத்தை என்ன சொல்லிச் சமாதானம் செய்வது? அவள் போய்விட்டால் என்ன ஆகும் என்று ஓட்டுநர் யோசித்துப் பார்த்தார். அவளுக்கு மெல்லிய, சீரான குறட்டை உண்டு. சர்வீஸ் முடிந்து வந்த எஞ்சின் போல. அது கேட்டால்தான் அவருக்குக் கண் சொக்கும். அது இல்லாத வீட்டில் படுப்பது, எஞ்சின் நின்றுபோன வண்டியில் நடுரோட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி. காலைவிட இதுதான் அவரைக் கலக்கியது.

மறுநாளே மருத்துவரிடம் போனார். அவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், சாப்பிடுகிற மாத்திரைகளைக் கேட்டார், கால் வீங்கியிருக்கிறதா, மரத்துப்போகிறதா என்று அழுத்திப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று மாடியில் இருக்கிற பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண் அவருடைய வண்டியில் பள்ளிக்கூடம் போகிற வயசு என்று சொல்லலாம், ஆனால் குரல் போக்குவரத்து ஆய்வாளருடையது.

"இழுத்துக்கறப்ப என்ன பண்ணுவீங்க ஐயா? பண்ணிக் காட்டுங்க."

ஓட்டுநர் மேசைமேல் படுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு பாதத்தை நீட்டி அழுத்திக் காட்டினார். கொஞ்சம் கூடுதலாகவே காட்டினார். சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படம் ஆடியது.

"என்ன வேலை பாத்தீங்க?"

"பஸ் டிரைவர்."

"அதானே பாத்தேன். நீங்க பிரேக் போடுறீங்க."

"வேற என்ன போடச் சொல்றீங்க டாக்டரம்மா?"

"பிரேக்க விடணும். பாதத்தக் கீழ நீட்டினா கெண்டைச் சதை சுருங்கும். சுருங்கி மாட்டிக்கிட்டத மேல மேல சுருக்கிட்டு இருக்கீங்க. முட்டிய நேரா வெச்சு, கால் விரல மொகத்தப் பாத்து இழுங்க. முடியலயா, எழுந்து நின்னு குதிகாலத் தரையில ஊணுங்க. விட்டுரும். அப்புறம் லேசா தேச்சு, வெந்நீர் ஒத்தடம்."

சுவரில் கை ஊன்றி, வலது காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முன்னால் சாயச் சொன்னாள். அரை நிமிடம், மூன்று தடவை, தினமும் படுக்கப்போகும் முன். ஓட்டுநர் சாய்ந்து நின்றதைப் பார்த்தால் நின்றுபோன பேருந்தைத் தள்ளுவதுபோல இருந்தது.

"போர்வையக் கால்மாட்டுல மெத்தைக்கடியில சொருகுவீங்களா?"

"இறுக்கமா. சீட்டுக்கு உறை போட்ட மாதிரி."

"எடுத்துடுங்க. அதுவும் பாதத்தக் கீழ அமுக்கும். தண்ணிய ஒரே மூச்சா குடிக்காம பகல்ல கொஞ்சம் கொஞ்சமா குடிங்க."

"எத்தன நாள்ல சரியாகும்?"

"விடாம செஞ்சா ஒரு மாசத்துல நல்லாக் கொறயும்."

"எனக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் டைம்."

"ஏன், ஊருக்குப் போறீங்களா?"

"நான் போகல" என்றார் ஓட்டுநர்.

பகலில் அவர் அற்புதமாகப் பிரேக்கை விட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, கால் விரலை முகத்தைப் பார்த்து இழுத்து, 'பார், பார்' என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். ராத்திரியில் ஏணிக்காரன் ரோட்டில் இறங்கினான். மூளை 'விடு, விடு' என்று கத்தியது. ஆனால் அந்தக் கால் என்றைக்கு மூளை சொல்லிக் கேட்டது? முப்பத்துநான்கு வருஷம் எந்தக் காலைத் தட்டிக்கொடுத்து வளர்த்தாரோ, அது இப்போது அவரைவிடப் பெரிய மனுஷனாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனைவி ஒரு பையோடு கிளம்பினாள்.

"பையி ரொம்பச் சின்னதா இருக்கே" என்றார் ஓட்டுநர், நம்பிக்கையோடு.

"அக்கா வீட்டுல எல்லாம் இருக்கு" என்றாள் அவள்.

அன்று ராத்திரி துணைக்கு வந்து முன்னறை சோபாவில் படுத்தவர் கண்டக்டர். துணை என்று பெயர். ஓட்டுநர் ஆறுதலாக ஒரு வார்த்தை கேட்பதற்குள் தூங்கிப்போனார். உரிய நேரத்தில் குரக்களி வந்தது, ஓட்டுநர் அலறினார். கண்டக்டருக்கு அலறல் புதிதல்ல. வண்டியில் யாராவது அலறினால் என்ன செய்யவேண்டுமோ அதைத் தூக்கத்திலேயே செய்தார். சாவிக்கொத்தை வாயில் வைத்து, நீளமாக ஒரு விசில்.

ஒரு விசில் என்றால் நிறுத்து என்று அர்த்தம். ஓட்டுநரின் கால் அதைக் கேட்டது. இதுவரை போட்டதெல்லாம் பிரேக்கே இல்லை என்பதுபோல் ஒரு பிரேக் போட்டது. கட்டில் ஜன்னல் சுவரில் மோதி நின்றது. டிவிக்குப் பக்கத்திலிருந்த கேடயம் தானாகவே குப்புறக் கவிழ்ந்தது.

"யோவ், கொல்றியா?" என்று ஓட்டுநர் கத்தினார்.

கண்டக்டர் எழுந்து உட்கார்ந்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. வண்டி நடுரோட்டில் நிற்கிறது, டிரைவர் திட்டுகிறார், பின்னால் ஆயிரம் வண்டி நிற்கும் என்று நினைத்துப் பதறி, கடகடவென்று இரண்டு விசில் அடித்து, "ரைட், போலாம்!" என்றார்.

அப்போது நடந்ததை ஓட்டுநர் விவரிக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். வலது கால், யாரையும் கேட்காமல், மெதுவாகப் பிரேக்கிலிருந்து எழுந்தது. விரல்கள் முகத்தைப் பார்த்துத் திரும்பின. குதிகால் தாழ்ந்தது. கருங்கல் கரைந்து, அந்த இடத்தில் பழைய சதை வந்து உட்கார்ந்தது. மூளை சொல்லி, மருத்துவம் சொல்லிக் கேட்காத கால், கண்டக்டர் சொல்லிக் கேட்டது. இத்தனை வருஷம் வண்டியை ஓட்டியது நாமா, இவனா என்று ஓட்டுநருக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. அதை உடனே அடக்கிக்கொண்டார்.

விடிந்ததும் விசிலை வாங்கிக்கொண்டு மூன்று தெரு தள்ளி இருக்கிற அக்கா வீட்டுக்கு ஓடினார். மனைவியின் அக்காதான் கதவைத் திறந்தாள்.

"என்ன தம்பி, காலங்காத்தால? கால் இழுத்துச்சா, அதுவே இங்க இழுத்துட்டு வந்துருச்சா?"

"அண்ணி, மருந்து கெடச்சிருச்சு" என்று விசிலைக் காட்டினார்.

உள்ளே மனைவி நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு நின்றிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் ஓட்டுநருக்குச் சந்தோஷமாகவும் பயமாகவும் இருந்தது. இருபது நாளாகக் காணாத முகம். இவ்வளவு நன்றாகத் தூங்குகிறவள் எதற்குத் திரும்பி வரவேண்டும்? இரண்டு விசில் கதையை மூச்சுவிடாமல் சொன்னார்.

"அப்போ இனிமே ராத்திரியில நான் கண்டக்டர் வேலை பாக்கணும்?"

"சம்பளம் தர்றேன்."

"பென்ஷன் எடுத்து சம்பளம் தர்ற மொகத்தப் பாரு" என்றாள் அக்கா.

"அண்ணி, இது குடும்ப விஷயம்."

"விசிலடிக்கறது குடும்ப விஷயமா தம்பி?"

மனைவி சிரிப்பை அடக்கியதை ஓட்டுநர் பார்த்துவிட்டார். கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பழகிய கண் அது. உடனே தாழ்ந்த குரலில், "நீ இல்லாம சத்தமே இல்ல வீட்டுல" என்றார். அக்கா எதற்கோ சமையலறைப் பக்கம் போய்விட்டாள்.

"ஒரே ஒரு ராத்திரி" என்றாள் மனைவி. "இன்னொரு தடவ கீழ விழுந்தேன், அப்புறம் கூப்பிட வரக் கூடாது."

அன்று படுக்கும் முன் ஓட்டுநர் சுவரை மூன்று தடவைக்குப் பதில் ஒன்பது தடவை தள்ளினார். போர்வையை உதறிவிட்டார். மனைவி விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மண்டை இடிக்கும் சுவர்ப் பக்கம் வேண்டாம் என்று முன்ஜாக்கிரதையாக வெளிப்பக்கம் மாறிப் படுத்தாள்.

ஏணிக்காரன் வந்தான். கால் மிதித்தது. மனைவி எழுந்து உட்கார்ந்து, தெளிவாக இரண்டு விசில் அடித்தாள். கால் எழுந்தது. விரல் திரும்பியது. ஓட்டுநர் 'அப்பாடா' என்று சொல்ல வாயெடுத்தார்.

யாரும் யோசிக்காத ஒன்று அப்போதுதான் புரிந்தது. இரண்டு விசில் கேட்ட ஓட்டுநர் பிரேக்கை விட்டுவிட்டுச் சும்மா இருக்கமாட்டார். ஆக்சிலரேட்டரை மிதிப்பார். அதுவும் அதே வலது கால்தான். கால் அந்தப் பக்கம் நகர்ந்து மறுபடி கீழே அழுந்த ஆரம்பித்தது. கெண்டைச் சதை துள்ளியது.

"ஐயோ, போகுது, போகுது!" என்று ஓட்டுநர் கத்தினார்.

மனைவி பதறி ஒரு விசில் அடித்தாள். கால் பிரேக்குக்குத் தாவியது. இரண்டு அடித்தாள், ஆக்சிலரேட்டர். கட்டில், நெரிசலில் மாட்டிய வண்டிபோல, முன்னும் பின்னும் குலுங்கியது. அவள் ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஒரு குலுக்கல், விழுந்துவிடுவாள். ஓட்டுநர் வலிக்கு நடுவிலும் அதைப் பார்த்தார். காலைவிட்டு அவள் கையைப் பிடிக்கப் போனார், எட்டவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் அதே வண்டியில்தான் வேலைக்குப் போய்வந்தாள். சந்தையில் ஏறி, டிரைவருக்குப் பின்னாலிருக்கிற முதல் இருக்கையில் உட்கார்ந்து, துறைமுகம் வரை போவாள். எந்த விசிலுக்கும் இருக்கையை விட்டு அசையாத டிரைவரும் எதைக் கேட்டால் எழுவார் என்று அவளுக்குத் தெரியாதா? விசிலைத் துப்பிவிட்டு, கண்டக்டரின் குரலிலேயே கத்தினாள்:

"கடைசி ஸ்டாப்பு! எல்லாரும் எறங்குங்க! டிரைவரும்தான்!"

ஓட்டுநர் இறங்கினார். யோசிக்கவே இல்லை. கட்டிலை விட்டு இறங்கி, இரண்டு குதிகாலையும் தரையில் ஊன்றி, முட்டியை நிமிர்த்தி, வேலை முடிந்த மனிதனாக நேராக நின்றார். கெண்டைக்கால் ஒரு பெருமூச்சு விட்டது. வலி போய்விட்டது.

"விட்டுருச்சா?" என்றாள்.

"விட்டுருச்சு."

"அப்ப ஏன் நிக்கறீங்க?"

"அடுத்த ட்ரிப் எப்போன்னு தெரியல."

"காலையிலதான். வந்து படுங்க."

அவர் படுப்பதற்குள் அவளுக்குக் குறட்டை வந்துவிட்டது. ஓட்டுநர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார்.

அக்கா வீட்டிலிருந்த பை மறுநாள் திரும்பி வந்தது. ஓட்டுநர் தினமும் சுவரைத் தள்ளுகிறார். சுவரும் தாங்குகிறது. ஏணிக்காரன் இப்போது மாசத்துக்கு ஒரு தடவைதான் வருகிறான், அதுவும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் ரோட்டில் இறங்குகிறான். கட்டிலை இருவருமாகத் தள்ளிப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனார்கள். தள்ளும்போது அவள் விசிலடித்தாளாம், வழியில் யாராவது நிற்கக் கூடாதென்று.

சத்தியம் செய்ததில் ஒன்றே ஒன்று இடிக்கிறது: ஓட்டுநர் கல்யாணமே செய்துகொள்ளாதவர்.